பொம்மைப் படமும் பத்தாயிரம் வோட்டும்

"பொம்மப் படத்துக்கெல்லாமா அண்ணாச்சி அவார்டு குடுக்கான்?"

கேட்டவர் என் சம்பந்தி. கோட்டாறில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கிறார். ஆஸ்கர் என்றால் அவருக்கு 2009-இல் ரகுமான், 2023-இல் 'நாட்டு நாட்டு'வும் முதுமலை யானைக்குட்டியும், அத்தோடு சரி. நான் பென்ஷன் வாங்கும்வரை அரசுப் பள்ளியில் டிராயிங் சாராக இருந்தவன். கோடு எங்கே தயங்குகிறது, எங்கே துணிந்து இறங்குகிறது என்று பார்த்தே காலத்தை ஓட்டினவன். ஆகவே சிறந்த நடிகர், சிறந்த படம் எல்லாம் யார் கொண்டுபோனாலும் எனக்கு ஒன்றுதான். ஆஸ்கரில் நான் விடாமல் கவனிப்பது அனிமேஷன் குறும்படம் என்ற ஒரே பிரிவைத்தான்.

"குடுக்கான். 1932-லேருந்தே குடுக்கான்" என்றேன்.

முதல் பரிசு வால்ட் டிஸ்னியின் 'ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' படத்துக்கு. அதையும் சேர்த்து எட்டு வருடம் தொடர்ந்து டிஸ்னியே வாங்கினார். பிறகு டாம் அண்ட் ஜெர்ரி. அந்தப் பூனையும் எலியும் மொத்தம் ஏழு ஆஸ்கர் வாங்கியிருக்கின்றன என்றதும், வீடியோ காலில் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பிள்ளைக்குச் சோறு ஊட்ட அதைத்தானே போடுகோம்! அதுக்கு ஏழா?"

அவர் கோட்டாறில், நான் டொராண்டோவில். 2025 பிப்ரவரி. மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே கால் வைக்க முடியாத பனி. அங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரையான குறும்படங்களை ஒன்றாகச் சேர்த்து, விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தியேட்டரில் போடுவார்கள். ஒரு டிக்கெட்டில் ஐந்து படம். பேத்தியைக் கூட்டிப்போகவில்லை. பொம்மைப் படம் என்றாலே பிள்ளைகளுக்கு என்று நம்மூரில் ஒரு எண்ணம் உண்டு. இந்த ஐந்தில் ஒன்றில் துணியில்லாத ஆள் ஒருவர் சாவகாசமாக நடந்துபோகிறார்.

விதி எளிதானது. பெயர்ப் பட்டியல் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் அது குறும்படம். முதலில் 15 படங்களைச் சலித்தெடுப்பார்கள், அதிலிருந்து ஐந்து. இறுதி வாக்கு அகாதமி உறுப்பினர் எல்லோருக்கும் உண்டு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர். ஊகம் சொல்ல விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது இந்தப் பத்தாயிரத்தைத்தான். அவர்களில் அனிமேஷன்காரர்கள் சிறு பகுதி. மற்றவர்கள் நடிகர்கள், ஒலிப்பதிவாளர்கள், உடை தைப்பவர்கள், தயாரிப்பாளர்கள். ஒரு கோட்டை எத்தனை தடவை அழித்து வரைந்தார்கள் என்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை? வீட்டில் உட்கார்ந்து ஐந்தையும் பார்ப்பார்கள். இரவு படுக்கப் போகும்போது எது மனதில் நிற்கிறதோ அதற்குப் போடுவார்கள். ஐந்தையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமே அந்த விழா முடிந்த பிறகு, 2025 ஏப்ரலில்தான் வந்தது.

ஆகவே என் நோட்டில் எப்போதும் இரண்டு பத்தி. இடப்பக்கம் எனக்குப் பிடித்தது, வலப்பக்கம் ஜெயிக்கப்போவது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவன் பந்தயத்துக்கு வரக் கூடாது.

அந்த வருட ஐந்தில், பிரான்சிலிருந்து வந்த 'யக்!' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடுமுறை முகாமில் பெரியவர்கள் முத்தமிடுவதை ஒளிந்து பார்த்து 'சீ' என்று முகம் சுளிக்கும் பிள்ளைகள். முத்தமிட ஆசை வந்துவிட்டால் உதடு இளஞ்சிவப்பாக மினுங்கும். சுளித்த பையனுக்கே ஒருநாள் மினுங்குகிறது. இனிப்பான படம், பார்த்ததும் கரைந்துவிட்டது.

'பியூட்டிஃபுல் மென்' எனக்கு வேண்டப்பட்ட படம். வழுக்கை விழுந்த மூன்று சகோதரர்கள் முடி நடுவதற்கு இஸ்தான்புல் போகிறார்கள். போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கு மட்டும்தான் நாள் குறித்திருக்கிறது. பெல்ஜியத்தின் நிக்கோலஸ் கெப்பன்ஸ் பொம்மைகளைக் கடுகளவு கடுகளவாக நகர்த்தி எடுத்திருக்கிறார். என் தலையைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதற்குப் பரிந்து பேசுகிறேன் என்று விளங்கும். மூன்று தடியன்கள் ஒருவரிடம் ஒருவர் அன்பைக் காட்டத் தெரியாமல் ஓட்டல் அறையில் முழிக்கும் இடம் அசல். ஆனால் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் வழுக்கை? இடப்பக்கம் எழுதினேன்.

துணியில்லாத ஆள் வந்தது 'வாண்டர் டு வொண்டர்' படத்தில். 1980-களின் பிள்ளைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று. ரோமச் சட்டைக்குள் நுழைந்து நடிப்பவர்கள் உண்மையிலேயே சுண்டுவிரல் உயர மனிதர்கள். நிகழ்ச்சியை நடத்திவந்த பெரியவர் செத்துப்போகிறார். வெளியே போகத் தெரியாத மூன்று பேரும் அழுக்கேறிய ஸ்டூடியோவில், யாருக்கு என்றே தெரியாமல், தொடர்ந்து நடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீனா காண்ட்ஸ் இயக்கியது. வேலைப்பாட்டில் அந்த வருடத்தின் உச்சம் இதுதான். பிரிட்டனின் பாஃப்டா விருது பிப்ரவரியிலேயே இதற்குக் கிடைத்துவிட்டதால் ஊகக்காரர்கள் பலரும் இதன் பக்கம் சாய்ந்தார்கள். நான் சாயவில்லை. ஈ மொய்க்கும் படம் அது. நல்ல படம்தான், ஆனால் சாப்பிட்ட கையோடு பார்க்கிறவர் வோட்டுப் போட யோசிப்பார்.

ஜப்பானின் 'மேஜிக் கேண்டீஸ்' கடுமையான போட்டி. கொரிய எழுத்தாளர் பெக் ஹீ-நாவின் படக்கதைப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. அவர் 2020-இல் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது பெற்றவர். இயக்கியவர் 'டிராகன் பால்' புகழ் டைசுகே நிஷியோ. கூட்டாளி இல்லாமல் தனியே கோலி விளையாடும் பையன் கடையில் மிட்டாய் வாங்குகிறான். ஒவ்வொரு மிட்டாயை வாயில் போடும்போதும் ஒன்று பேசும். சோபா பேசும், கிழட்டு நாய் பேசும். அப்பா எப்போது பார்த்தாலும் ஏசிக்கொண்டே இருப்பவர்: குளிச்சியா, பாடம் படிச்சியா, இதை ஏன் இங்கே போட்டே? அவர் நிறம் மாதிரியே இருக்கும் மிட்டாயைப் போட்டதும் அந்த ஏச்சுக்கு அடியில் அவர் சொல்லாமல் வைத்திருந்தது கேட்கிறது. தியேட்டரில் எனக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் மூக்கைச் சிந்தினார். நம் ஊர் அப்பாக்கள் எல்லாம் அந்த மிட்டாய்க்குள் இருக்கிறார்கள்.

சம்பந்தி படம் எதையும் பார்க்காமல், நான் போனில் சொன்ன கதையை மட்டும் கேட்டு, "அந்த முட்டாய்ப் படம்தான் அண்ணாச்சி, எழுதி வச்சுக்கிடுங்க" என்றார். பந்தயம் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ்.

நான் எழுதியது ஈரானியப் படம். 'இன் த ஷேடோ ஆஃப் த சைப்ரஸ்'. இருபது நிமிடம், ஒரு சொல் கிடையாது. ஷிரின் சொஹானி, ஹொசைன் மொலாயெமி என்ற இருவர் ஏறக்குறைய ஆறு வருடம் உழைத்து எடுத்தது. கப்பல் தலைவனாக இருந்து, போரில் மனம் உடைந்துபோன அப்பா. அவரோடு கடலோர வீட்டில் மகள். அப்பாவுக்குப் பழைய தீயும் புகையும் திடீர் திடீரென்று தலைக்குள் ஏறும். வெறி வந்தால் மகள் என்று பார்க்க மாட்டார், தணிந்ததும் தன்னையே அடித்துக்கொள்வார். மகள் பெட்டியைக் கட்டிக் கிளம்பும் நாளில் கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்குகிறது. உயிரோடு. அதன் மேல் அவள் தண்ணீரை வாரி ஊற்றத் தொடங்குகிறாள்.

இதைப் பார்க்கிற தென்கடற்கரைக்காரனுக்குக் கதை புரிய வசனம் எதற்கு? 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குப் பக்கம் மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 1973-லும் அதே கரையில் ஒரு கூட்டம் ஒதுங்கியிருக்கிறது. 2016-இல் மீனவர்கள் விடிய விடிய வள்ளத்தில் கட்டி இழுத்து ஆழத்தில் கொண்டு விட்டார்கள். விட்டவை பல திரும்பக் கரைக்கே வந்தன. பாதியளவு செத்தன. கூட்டத்தைப் பிரியாத இனம் அது என்று அறிவியலாளர் சொன்னார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தாலும் குமரிக் கடற்கரை ஊர்களில் அந்த வாரம் வேறு பேச்சில்லை. சின்ன முட்டத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், கடலு வேண்டாம்னு சொல்லுகத நாம எப்பிடிக் கொண்டு விடுகது?" அந்தப் படத்தின் அப்பாவைப் பற்றி அதைவிட நன்றாக ஒரு விமர்சகரும் எழுதி நான் படிக்கவில்லை.

படத்தின் கோடு மெல்லியது. நிறம் தட்டையாக, பழைய பாரசீகச் சித்திரம் மாதிரி. அப்பாவுக்கு வலிப்பு போல ஒன்று வரும்போது அவர் உடம்பே விரிசல் விட்டுத் துண்டு துண்டாகச் சிதறுகிறது. நடிகரை வைத்து எடுத்தால் இதைக் காட்ட வழியில்லை, வரைந்தால் இரண்டு விநாடி. ஆனாலும் நான் வலப்பக்கம் எழுதியது அதற்காக இல்லை. வசனம் இல்லை, ஆகவே மொழிபெயர்ப்பு வாசிக்கும் சள்ளை எந்த நாட்டு உறுப்பினருக்கும் இல்லை. அப்பா, மகள், துக்கம் மூன்றும் உண்டு. முந்தைய வெற்றியாளர்களைப் பாருங்கள். 2001-இல் ஜெயித்த மைக்கேல் டுடோக் டி விட்டின் படத்துக்குப் பெயரே 'தந்தையும் மகளும்'. 2019-இல் 'பாவோ', பிள்ளையை விட மனமில்லாத தாய். 2020-இல் 'ஹேர் லவ்', மகளுக்குத் தலைவாரிவிடத் தெரியாத அப்பா. 2021-இல் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோர். அந்தப் பத்தாயிரம் பேருக்கும் வயதாகிவிட்டது; எல்லோருக்கும் பிள்ளைகள் உண்டு, அல்லது பெற்றோரை இழந்திருக்கிறார்கள். கணக்கு அவ்வளவுதான்.

மார்ச் 2 இரவு, நாகர்கோவிலில் மார்ச் 3 காலை, உறையைப் பிரித்தார்கள். ஈரானியப் படமே. இயக்குநர்கள் இருவருக்கும் முந்தைய நாள்தான் விசா கிடைத்து, விழா தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்திருந்தார்கள். அதே இரவு முழுநீள அனிமேஷன் பரிசையும் லாட்வியாவின் 'ஃப்ளோ' வாங்கியது. அதிலும் வசனம் இல்லை. சிப்ஸ் இன்னும் வரவில்லை.

"நம்மாளு ஒருத்தனும் இல்லியா?" என்பது சம்பந்தியின் அடுத்த கேள்வி. உண்டு, இரண்டு தடவை, ஒரே ஆள். இஷு படேல். குஜராத்காரர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்து கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்குப் போனவர். 1977-இல் அவர் எடுத்த 'பீட் கேம்' ஐந்து நிமிடம் சொச்சம். ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் கேமராவுக்கு அடியில் பரப்பி, கையால் நகர்த்தி நகர்த்தி எடுத்தது. ஒரு மணி இரண்டாகிறது, உயிராகிறது, ஒன்றை ஒன்று விழுங்குகிறது, மிருகமாகி, மனிதனாகி, போராகி அணுகுண்டுவரை வந்து நிற்கிறது. பின்னால் நம் தாள வாத்தியம். வரைகிறவன் எவனும் வாயைப் பிளப்பான். 1978 ஆஸ்கரில் அது தோற்றது எதனிடம் தெரியுமா? அதே வாரியத்தில் கோ ஹூடமன் எடுத்த 'சாண்ட் காஸில்' படத்திடம். ஒரே நிறுவனத்தின் மணலும் மணியும் மோதி மணல் ஜெயித்தது. மணல் உருவங்கள் கூடிக் கோட்டை கட்டும், கடைசியில் காற்று வந்து மூடிவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. மணல் உருவங்களுக்கு முகமும் கண்ணும் இருந்தன. பாசிமணிக்கு முகம் இல்லை.

1985-இல் மறுபடி வந்தார், 'பாரடைஸ்' படத்தோடு. அரண்மனைக் கூண்டுப் பறவையின் பகட்டைப் பார்த்து ஏங்கும் கறுப்புப் பறவை. திரை முழுக்க ஒளித் துளிகள் கோலம் போடும். அந்த உழைப்பை நினைத்தாலே விரல் வலிக்கும். அதைத் தோற்கடித்தது ஜான் மின்னிஸ் என்ற மாணவர் கல்லூரியில் மார்க்கர் பேனாவால் வரைந்த 'ஷராட்'. அந்தப் படத்தின் கதையே ஒரு ஊக விளையாட்டு. பேசாமல் நடித்துக் காட்டினால் கூட்டம் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவன் உயிரைக் கொடுத்து நடிப்பான், யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொருவன் சும்மா விரலை அசைப்பான், உடனே சொல்லிவிடுவார்கள். இஷு படேல் அரங்கில் உட்கார்ந்து இந்தத் தீர்ப்பைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா? நான் சிரித்திருக்க மாட்டேன்.

2016-இல் பிக்ஸாரின் சஞ்சய் படேல், அமெரிக்காவில் வளர்ந்த குஜராத்திப் பிள்ளை, 'சஞ்சய்'ஸ் சூப்பர் டீம்' எடுத்துப் பரிந்துரைவரை வந்தார். அப்பா மணியடித்துப் பூஜை செய்கிறார், பையன் டிவியில் சூப்பர் ஹீரோ பார்க்கிறான். பிறகு விஷ்ணுவும் துர்க்கையும் அனுமனும் சூப்பர் ஹீரோ ஆகிவிடுகிறார்கள். அப்பா, மகன் எல்லாம் இருந்தும் தோற்றது. ஜெயித்தது சிலியின் 'பியர் ஸ்டோரி'. சர்வாதிகாரி பினோசே காலத்தில் நாட்டைவிட்டுப் போக நேர்ந்த தாத்தாவின் நினைவில் பேரன் எடுத்த படம். பிரிவு இரண்டிலும் உண்டு. ஒன்றில் டிவிக்கும் பூஜைக்கும் நடுவில், மற்றதில் குடும்பத்துக்கும் சிறைக்கும் நடுவில்.

மும்பையின் கீதாஞ்சலி ராவ் பரிந்துரைக்கு ஒரு படி கீழேவரை வந்தார். 'பிரிண்டட் ரெயின்போ' 15 நிமிடம். தனிமையில் வாழும் கிழவி, ஒரு பூனை, ஒரு பெட்டி நிறையத் தீப்பெட்டிகள். ஒவ்வொரு தீப்பெட்டிப் படமும் ஒரு உலகமாகத் திறக்கும். 2006 கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் மூன்று விருது வாங்கி, 2008 ஆஸ்கரின் கடைசிப் பத்துப் படங்களில் ஒன்றாக நின்றது. சிவகாசித் தீப்பெட்டி லேபிளைச் சேர்த்து வைத்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தப் படம் சொந்தம்.

நம் தேசிய விருதில் இந்தப் பந்தயமே கட்ட முடியாது. அங்கே பரிந்துரைப் பட்டியல் வெளியிடுவதில்லை. நடுவர்கள் ஒரு அறையில் கூடுவார்கள், வாதாடுவார்கள், நேரே வெற்றியாளரை அறிவிப்பார்கள். சுவாரசியம் குறைவு, ஆனால் பலன் சில சமயம் மேல் என்று எனக்குத் தோன்றும். பத்தாயிரம் பேர் ஒதுக்கிவிடக்கூடிய விசித்திரமான படத்தை ஐந்தாறு பேர் தூக்கி நிறுத்திவிடலாம். 69-ஆவது தேசிய விருதில் சிறந்த அனிமேஷன் படமான 'கண்டிட்டுண்டு' அப்படி ஒன்று. அதிதி கிருஷ்ணதாஸ் இயக்கிய மலையாளப் படம். சுரேஷ் எரியாட்டின் ஸ்டூடியோவில் உருவானது. பணிக்கர் என்ற முதியவர் தாம் கண்ட பேய் பிசாசுகளைப் பற்றி, நேற்று சந்தையில் கண்ட ஆளைப் பற்றிச் சொல்வது போல, சொல்லிக்கொண்டே போகிறார். கறுப்பு வெள்ளைக் கோடுகள் அந்தக் குரலைத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரிக்காரர்களான நமக்கு அந்த மலையாளத்துக்கு உரை வேண்டாம். மேலாங்கோட்டு இசக்கி கதையைப் பாட்டா வாயால் கேட்டு, ராத்திரி வெளியே ஒதுங்கப் பயந்து கிடந்தவர்கள்தானே நாம்.

இங்கே எனக்கு ஒரு ஆற்றாமை. தோல்பாவைக் கூத்து குமரி மாவட்டத்தில் இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்டுத் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவை, வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார், பாடுவார், காலில் கட்டையைத் தட்டுவார். வீட்டில் மராட்டி பேசும் கூத்துக் குடும்பங்கள் இவை. இவர்களைப் பற்றி நாகர்கோவிலின் அ.கா. பெருமாள் விரிவாக எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் லோட்டே ராய்னிகர் கறுப்பு அட்டையைக் கத்தரித்து, நிழலுருவத்தாலேயே 1926-இல் 'இளவரசர் அக்மது' படத்தை எடுத்தார். இன்று கைவசம் இருக்கும் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் அதுதான். நம்மிடம் அட்டைக்குப் பதில் வண்ணம் ஊடுருவும் தோல். அதைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படம் பிடிக்க ஒரு கேமராவும் பொறுமையும் போதும். பொறுமைக்குத்தான் காசு: விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு 7,200 அசைவு.

யாராவது எடுத்தால் என்ன கதை எடுப்பது என்று சம்பந்தி கேட்டார். கூத்தில் 'நல்லதங்காள்' உண்டு. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, மதினியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் குதிக்கும் தாய். வசனம் இல்லாமலே சொல்லிவிடலாம். தாய், பிள்ளை, துக்கம் மூன்றும் இருக்கிறது. ஐந்தில் ஒன்றாக வந்துவிடும், ஒருவேளை ஜெயிக்கவும் செய்யும்.

எனக்கோ உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வேண்டும். கூத்தின் நடுவில் வந்து ராஜாவையும் ஊர்ப் பெரிய மனிதரையும் ஒரே இழுப்பில் கேலி செய்துவிட்டுப் போகும் அந்த இரண்டு கோமாளிகளை வைத்து எட்டு நிமிடம். கெட்ட வார்த்தை உட்பட. பத்தாயிரம் பேரில் ஒருவரும் வோட்டுப் போட மாட்டார், சிரிப்புக்கு இப்போது அங்கே காலமில்லை. டாம் அண்ட் ஜெர்ரி கடைசியாக வாங்கியது 1953-இல். நான் அதை இடப்பக்கம் எழுதிக்கொள்வேன்.